நாடி இல்லாத ரிலே

தமிழ்நாட்டில் இத்தனை ஊர்கள் இருக்க, குளிர்ந்தால் உறைந்துபோகிற உலோகம் ஒன்றை வைத்து வேலை செய்யக் குன்னூரைத் தேடி வந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். எனக்கு வேண்டியிருந்தது பனி. ஜன்னலைத் திறந்தால் கேட்காமலே உள்ளே வருகிற பனி, எதிர்வீட்டை அழித்துவிட்டுச் சற்று நேரம் கழித்து கோணலாக மறுபடி வரைகிற பனி. அதைப் பார்த்துக்கொண்டே நாலு பக்கம் எழுதலாம் என்று வந்தேன். என் மனைவிக்கு வேண்டியிருந்தது ஈரம். சுவிட்சுகள் துருப்பிடித்து, கருகி, சாகிற ஈரம். நல்ல தம்பதிகள் இப்படித்தான் ஒரே ஊரை வேறு வேறு காரணத்துக்காக நேசிப்பார்கள் போலிருக்கிறது.

அவள் கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்குக் கண்ட்ரோல் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் வடிவமைப்பு வேலையில் இருந்தவள். அந்தப் பெட்டிக்குள் ரிலே என்று ஒன்று இருக்கும். கை படாமல் தானே போட்டு அணைத்துக்கொள்கிற குட்டி சுவிட்சு. உள்ளே இரண்டு உலோக நாக்குகள். ஒட்டினால் கரண்டு ஓடும், விலகினால் நிற்கும். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் விலகும்போதும் ஒரு பொறி பறக்கும். பொறி பட்டுப் பட்டு நாக்குகள் கருகும். கருகிக் கருகி ஒரு நாள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, விலகவே மாட்டேன் என்று நின்றுவிடும்.

"கல்யாணம் மாதிரி" என்றேன்.

"கல்யாணத்துல கருகறது ஒருத்தருதானுங்க" என்றாள், கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே.

அவளுடைய யோசனை எளிமையானது. நாக்கே வேண்டாம், ஒரு துளி போதும். உலோகம்தான், ஆனால் தண்ணீரைப்போல ஓடுகிற உலோகம். பொறி பட்டாலும் துளி தன்னைத் தானே மெழுகிக்கொண்டு மறுபடி பளபளவென்று உட்கார்ந்திருக்கும். பாதரசத்தில் இதை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். ஆனால் அது விஷம், இப்போது யாரும் தொட விரும்புவதில்லை. அதனால் கேலியம் என்கிற உலோகத்தில் இண்டியம் என்கிற இன்னொன்றைக் கலந்து பார்த்தாள். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு துளி, இரண்டு முனைகளிலும் அடைபட்ட வாயு. ஒரு முனையில் மெல்லிய கம்பியைச் சூடாக்கினால் அங்கே வாயு உப்பித் துளியை மறுமுனைக்குத் தள்ளும். தள்ளிய இடத்தில் துளி உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் இணைப்பு. எதிர்முனையைச் சூடாக்கினால் திரும்பி ஓடிவரும். நாக்கு இல்லை, ஸ்பிரிங் இல்லை, சத்தம் இல்லை.

கம்பெனியில் இதைச் சொன்னபோது, "நல்லா இருக்கும்மா, அந்தப் பம்புப் பெட்டி டிசைன முடிச்சுட்டியா?" என்று கேட்டார்களாம். வேலையை விடுகிறேன் என்றாள். விட வேண்டாம், பொங்கல் வரைக்கும் நாற்காலியை வைத்திருக்கிறோம், பொங்கலுக்குள் யாராவது ஒருவர் உன் துளியை வாங்கினால் நீ ஜெயித்தாய், இல்லாவிட்டால் வந்து உட்கார் என்றார்கள். நல்ல மனிதர்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெட்டவர்களிடம் தோற்றுத் திரும்பலாம். நல்லவர்களிடம் திரும்பிப் போனால் ஆயுள் முழுக்க அன்பாகச் சிரிப்பார்கள்.

இப்படியாகக் குன்னூரில் வாடகை வீடு. சாப்பாட்டு மேஜை அவளுடைய பட்டறை ஆனது. நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பூதக்கண்ணாடி வழியாகத் துளியைப் பார்ப்பது. அவள் பட்டனை அமுக்குவாள், துளி நகர்ந்ததா என்று நான் சொல்ல வேண்டும்.

"கோயில் குளத்துல நிலா அசையற மாதிரி ஒரு சின்ன தயக்கம், அப்புறம்..."

"ஏனுங்க, நிலா கிடக்கட்டும். நகந்துச்சா, இல்லையா?"

"நகர நினைச்சுது."

"நினைச்சத எல்லாம் கணக்குல சேக்க முடியாதுங்க."

உலகத்தில் என் எழுத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே கறாரானது அதுதான். அதன் பிறகு நான் "வந்துச்சு", "வரல" என்ற இரண்டு சொற்களில் பேசப் பழகினேன். ஒரு மாதத்தில் உரைநடை கொஞ்சம் இளைத்து அழகாகவும் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் பொள்ளாச்சியிலிருந்து என் மாமியார் வந்து சேர்ந்தார். மகள் வேலையை விட்டுவிட்டு மலைமேல் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர், பார்த்தது புரியாததால் போகவில்லை. இந்த ஊரில் தேங்காயெண்ணெய் பாட்டில் காலையில் கல்லாகிவிடும் என்பது வந்த மறுநாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. இங்கே எல்லார் வீட்டிலும் செய்வதைப்போல அவரும் ஒரு போசியில் வெந்நீர் வைத்து அதில் எண்ணெய் பாட்டிலை நிறுத்தி இளக்கிக்கொண்டார். ஒரு நாள் மேஜைமேல் இன்னொரு குட்டி பாட்டிலும் உறைந்து கிடப்பதைப் பார்த்தார். மகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அதையும் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மூடி இறுக்கமாக இருந்தால் சூட்டில் வெடித்துவிடுமோ என்று, பொறுப்பாக, மூடியைத் தளர்த்தியும் வைத்தார்.

போசி அலுமினியம். பாட்டில் சாய்ந்தது. கேலியத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. அல்லது ரொம்பவே ஆகும், எப்படிச் சொன்னாலும் சரி. அடியில் பளபளவென்று கிடந்ததைப் பார்த்து மாமியார் கறை என்று நினைத்துக் கம்பி நாரால் நன்றாகத் தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்க அது உள்ளே இறங்கியிருக்கிறது. மறுநாள் அரிசி களைய அவர் போசியைத் தூக்கினார். விளிம்பு அவர் கையோடு வந்தது, மற்றது அடுப்படித் திட்டிலேயே இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். பொரித்த அப்பளம்போல நொறுங்கியது.

"கண்ணு, இதையா நீ ஊரான் ஃபேக்டரியில கொண்டு போயி வெக்கப் போற? என்ற போசியவே தின்னு போட்டுதே!"

"ஏம்மா, அத யாரு உன்ன தொடச் சொன்னது?"

"தொடாம? குளுருல வெறச்சுக் கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு."

மனைவி கோபிப்பாள் என்று நான் பூதக்கண்ணாடியோடு ஒதுங்கி நின்றேன். அவளோ நொறுங்கின போசித் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கே இரண்டு முடிவுகள். கலவையில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தாள். இனி இந்த ஊர்க் காலைக் குளிருக்கும் துளி உறையாது. இன்னொன்று, எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் ரிலேயை அலுமினியப் பெட்டிக்குள் வைப்பதில்லை. கடைத்தெருவுக்குப் போய் வெள்ளை நிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி வந்தோம். கையால் தட்டினால் தவில் மாதிரி கேட்டது. அதை அப்போது ஒரு குறையாக நாங்கள் நினைக்கவில்லை.

துளியை வாங்கக்கூடிய ஒரே ஆள் கட்டபெட்டுப் பக்கத்தில் இருந்தார். சின்ன டீ ஃபேக்டரியின் சொந்தக்காரர், படகர், கம்பளித் தொப்பியைத் தூங்கும்போதும் கழற்ற மாட்டார் என்று பார்த்தாலே தெரியும். அவருடைய துயரம் மாடியில் இருந்தது. பறித்து வந்த பச்சை இலையை அங்கே டிரஃப் என்கிற நீளத் தொட்டிகளில் வலைமேல் பரப்பி, அடியிலிருந்து ஃபேனால் காற்றடித்து வாட்டுவார்கள். மழை நாளில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது கீழே அடுப்பிலிருந்து சூடான காற்றைக் கொஞ்சம் கலக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தொட்டிக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடியில் ஒரு தகரக் கதவு. குட்டி மோட்டார் ஒன்று அதை மெதுவாகத் திறக்கும், மெதுவாக மூடும். காற்றின் ஈரத்தைப் பார்க்கும் ஒரு கருவி சொல்வதைக் கேட்டு, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று மோட்டாருக்குச் சொல்வது ரிலே. ஐப்பசி மழையில் ரிலேயின் நாக்குகள் பற்றிக்கொள்ளும். கதவு திறந்தபடியே நிற்கும். இலை சருகாகிவிடும்.

"ஒரு டிரஃப்புல மாட்டிப் பாருங்க மேடம். நல்லா இருந்தா எல்லாத்துக்கும் போட்டுக்கலாம். இல்லேன்னா கழட்டிக்கலாம். இதுல என்ன?" என்றார்.

அவருக்கு இதில் ஒன்றுமில்லைதான்.

மாட்டினாள். மாடியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். என் மனைவியைத் தொரசாணி என்று கூப்பிட்டார். ஸ்க்ரூ முடுக்குகிற தொரசாணியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து ஃபேக்டரிக்காரர் போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். மாமியாரும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"மேடம், உங்க சாமான் ஜோரு! ஒரே அடி, கதவு தொறந்துக்குது. இன்னொரு அடி, மூடிக்குது. பழசெல்லாம் மூணு நாலு அடி கேக்கும்."

மனைவி போனைக் கையில் எடுத்து, அதுதான் தவறாகப் பேசுகிறது என்பதுபோல் பார்த்தாள். "அடியா? எதுக்குங்க அடிக்கறீங்க?"

"அடிக்காம எப்படி மேடம் ஓடும்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் பனி. நான் ஒரு வரிகூட யோசிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யோசிக்கத் தோன்றாது.

மாடியில் அந்த அக்கா எங்களுக்குச் செய்து காட்டினார். முதலில் வெள்ளைப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். மாடி முழுக்க ஃபேன்கள் இரைகின்றன, பச்சை இலை வாசம் மூக்கில் ஏறுகிறது, அவர் மட்டும் வைத்தியர்போல நிற்கிறார்.

"நாடி இல்ல தொரசாணி" என்றார்.

"என்னது?"

"பழசுல கைய வெச்சா டக்குங்கும். இந்த இரைச்சல்ல காதுக்குக் கேக்காது, கைக்குத் தெரியும். டக்குன்னா கதவு வேலைய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நாங்க போயி அடுத்த டிரஃப்ப பாப்போம். இது என்னடான்னா செத்த பொணமாட்டம் கெடக்கு. எத்தன நேரம் கைய வெச்சு நிக்கிறது?"

"சத்தம் வராதுங்க அக்கா. அதுதான் இதோட விசேசமே."

"சத்தம் வராதது விசேசமா?" அக்கா என்னைப் பார்த்தார். "ஐயா வீட்டுல பேச மாட்டாரோ?"

பிறகு கையை ஓங்கிப் பெட்டிமேல் பளாரென்று ஒரு அறை விட்டார். தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடித்த கை. பெட்டி குதித்தது. சற்று நேரத்தில் இலைக்கடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று மேலே வந்தது. அக்கா எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பார்த்துக்கொள்ளுங்கள், இப்படித்தான்.

என்ன நடந்தது என்று மனைவிக்கு உடனே புரிந்தது, எனக்கு வழியில்தான் புரிந்தது. துளி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. சத்தமில்லாமல் செய்ததால் யாரும் நம்பவில்லை. பற்றிக்கொண்ட ரிலேயைத் தட்டித்தானே இத்தனை காலம் பிரித்திருக்கிறார்கள், அந்த வழக்கப்படி இதையும் அறைந்திருக்கிறார்கள். அறைந்ததில் துளி குலுங்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. இன்னொரு அறைக்குத் திரும்பத் தாவியிருக்கிறது. கதவு மூடியிருக்கிறது. ஆக மாடியில் எல்லாரும் மாறி மாறி அறைந்தே இலை வாட்டியிருக்கிறார்கள். ஈரம் பார்க்கும் கருவி ஒரு மூலையில் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறது.

ஃபேக்டரிக்காரர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறி வந்தார். "அடிக்கு இவ்வளவு நல்லா கேக்குற சாமான நான் பாத்ததில்ல மேடம். எல்லா டிரஃப்புக்கும் போட்டுக் குடுத்துருங்க. என் மச்சான் ஃபேக்டரிக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

இந்தச் சொல்லுக்காகத்தான் நாங்கள் மலையேறி வந்தோம். பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. சரி என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது.

"வேண்டாமுங்க" என்றாள் மனைவி. "இத கழட்டிக்கறேன்."

ஃபேக்டரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சண்டை. எல்லாருக்கும் கேட்க வேண்டாம் என்று இருவரும் மெல்லிய குரலில் போட்டோம். அதனால் எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள்.

"அவரு கேக்கறதத்தானே குடுக்கப் போறோம்?" என்றேன்.

"அவரு கேக்கறது ரிலே இல்லீங்க, காலிங் பெல்லு. ஒரு மழ நாளு துளி சரியா கதவ மூடியிருக்கும். அக்கா நாடி பாப்பாங்க, இருக்காது, ஒரு அறை விடுவாங்க. கதவு தொறந்துக்கும். இலை சருகாகிப் போயிரும். அப்ப கெட்ட பேரு யாருக்கு?"

"அறைய வேண்டாம்னு சொல்லிட்டா?"

"உங்கள சாப்பாட்டு மேசையில கதை எழுத வேண்டாம்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

முன்சீட்டில் காய்கறிக் கூடையோடு இருந்தவர் திரும்பிப் பார்த்து, "அதுவுஞ் சரிதானுங்க" என்றார், யாருக்கு என்று சொல்லாமல்.

அவள் கண்ட வழி இதுதான். அறைகிறவர்களை மாற்ற முடியாது, துளியைத்தான் மாற்ற வேண்டும். முதல் துளி மிளகு அளவு இருந்தது. அதைக் கடுகு அளவாக்கினாள். பிறகு ரவை அளவு. எல்லாத் துளிக்கும் ஒரு தோல் உண்டு, அந்தத் தோல்தான் அதை இருக்கிற இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்று எனக்கு விளக்கினாள். "பெருசா இருந்தா கனம் ஜாஸ்தி, குலுக்கினா ஓடிரும். சின்னதாக்கினா கனம் சட்டுன்னு குறைஞ்சிருது, தோலோட பிடி அவ்வளவு குறையறதில்ல. ரொம்பச் சின்னதாயிட்டா யாரு அடிச்சாலும் அதுக்குத் தெரியவே தெரியாது."

இதை ஒரு பெரிய வாழ்க்கைத் தத்துவமாக எழுதிவிடலாம் என்று எனக்குக் கை பரபரத்தது. அவள் பார்த்தாள். விட்டுவிட்டேன்.

சின்னதாக்குவது சொல்ல லேசு. கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி இழுக்கும்போது அவள் மூச்சை நிறுத்துவாள். நாங்களும் நிறுத்துவோம். ஒடியும். மறுபடி மூச்சு. காற்றுப் பட்டால் பாலில் ஆடை படிவதுபோலத் துளிமேல் ஓர் ஆடை படிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், தூக்கிப் போட வேண்டியதுதான். மாமியார் போசி போனதை மறந்து, துளிக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். மார்கழி வந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து, நாற்காலிக்குப் புது உறை போட்டிருப்பதாக அன்போடு சொன்னார். மனைவி நன்றி சொல்லிவிட்டு, மறுபடி சுடரைப் பற்றவைத்தாள்.

கடைசியில் ஒன்று நிலைத்தது. அதைச் சோதிக்கும் பொறுப்பு மாமியாருக்கு. வெள்ளைப் பெட்டிக்குள் ரிலேயை வைத்து, ஒரு பல்பை இணைத்து, மேஜைமேல் வைத்தாள். மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பூரிக்கட்டையோடு நின்றார்.

"அடிக்கட்டா கண்ணு?"

"அடிம்மா."

அடித்தார். மேஜைமேலிருந்த என் பேனா கீழே விழுந்தது. பல்பு சிமிட்டவில்லை.

"இன்னும் பலமா."

பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வேலி வழியாக எட்டிப் பார்த்து, என்ன, வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று என்னைக் கேட்டார். ரிலே என்றேன். அவர் அனுதாபத்தோடு போய்விட்டார். மாமியார் அடித்துக் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார். பல்பு எரிந்துகொண்டேயிருந்தது. பட்டனை அமுக்கினதும் துளி பூனைபோலச் சத்தமில்லாமல் மறுபக்கம் போனது, பல்பு அணைந்தது.

"ஏனுங் மாப்ள" என்றார் மாமியார், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீங்க எழுதறீங்களே, அத யாராச்சும் இப்பிடி தட்டிப் பாத்திருக்காங்களா?"

யாரும் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

மறுபடி கட்டபெட்டு. மறுபடி அதே டிரஃப். அக்கா இம்முறை சிரிப்பை அடக்கவில்லை. "தொரசாணி திரும்பவும் பொணத்தக் கொண்டாந்திருக்காக" என்றார். நாங்கள் மாட்டிவிட்டு வந்தோம். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது.

போன் வந்தது. ஃபேக்டரிக்காரரின் குரலில் துக்கம் விசாரிக்கும் தணிவு. "மேடம், மனச விட்றாதீங்க. இது செத்துப் போச்சு. எவ்வளவு அடிச்சும் அசையல."

"அசையக் கூடாதுங்க! அதுக்குத்தானுங்க ரெண்டு மாசம்..."

"அசையாததுக்கு எதுக்கு மேடம் கரண்டு? முதல்ல குடுத்தீங்களே, அது இருந்தா குடுங்க. இல்லேன்னா வந்து எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

போனோம். அன்றைக்கு மழையில்லை, பனியும் இல்லை. எதிரே உள்ள மலையில் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிந்தது. எழுதுவதற்குத் துளியும் உதவாத தெளிவு.

மனைவி ஃபேக்டரிக்காரரைக் குனியவைத்துத் தொட்டியின் கோடியில் கதவைக் காட்டினாள். ஈரத்துணியைக் கருவிமேல் வைத்தாள். கதவு மெல்லத் திறந்தது. துணியை எடுத்துவிட்டு விசிறினாள். மெல்ல மூடியது. "பாத்தீங்களா? யாரும் அடிக்கலையே?"

"இப்ப அடிக்கல" என்றார் அக்கா. "காலையில அடிச்சோம்ல. அது இப்பத்தான் வேலைக்கு வருது."

மனைவி தொட்டியிலிருந்து ஒரு பிடி இலையை அள்ளி அக்காவின் கையில் வைத்தாள். "இத சொல்லுங்க. வாட்டம் எப்படி?"

அக்கா பிடித்து அழுத்தி, விரித்து, முகர்ந்தார். "அருமையா இருக்கு. நாலு நாளாவே அருமையாத்தான் இருக்கு."

"அப்ப?"

"நாங்க விடாம அடிச்சோம்ல தொரசாணி, சும்மாவா?"

அந்த ஒரு கணம் என் மனைவியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தோற்றிருந்தால்கூட அவளால் தாங்க முடிந்திருக்கும். ஜெயித்து, ஜெயித்ததற்குச் சாட்சியாக இலையே இருந்து, அதுவும் அடியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. கோயம்புத்தூர் நாற்காலி புது உறையோடு அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கும்.

"ஒரு லைட்டு வெச்சுடலாமா?" என்றேன். "ரிலே மாறினா எரியற மாதிரி."

ஃபேக்டரிக்காரர் கையை அசைத்தார். "பழைய பெட்டியில லைட்டு மட்டும்தான் சார் ஒழுங்கா எரிஞ்சுது. அத நம்பித்தான் மொத்த இலையும் போச்சு."

மனைவி வெள்ளைப் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். பிறகு, "கழட்டின பழைய ரிலே எங்கீங்க?" என்று கேட்டாள்.

படிக்கடியில் ஒரு பெயிண்ட் டப்பாவில் கிடந்தது. நாக்கு கருகி, மூடி இல்லாமல், ஒரு பக்கம் பல்லி முட்டையோடு. ஊதித் துடைத்தாள். அதன் நாக்கில் எந்த ஒயரையும் கொடுக்கவில்லை. அது எதையும் திறக்காது, எதையும் மூடாது. துளி நகரும்போது கூடவே துடித்துக்கொள்ள மட்டும் ஒயர் கொடுத்து, வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு மூலையில் இறுக்கி மூடினாள். சத்தமில்லாத ஒன்றைச் செய்வதற்காக வேலையை விட்டவள், சத்தத்துக்கென்று ஒன்றை ஸ்க்ரூ போட்டு முடுக்குகிறாள். நான் உதவிக்கு டார்ச் பிடித்தேன். அவள் காது சிவந்திருந்தது.

ஈரத்துணியை வைத்தாள். "கைய வெச்சுப் பாருங்க அக்கா."

அக்கா உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். நாங்களும் நின்றோம்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "அடிக்குது! நாடி அடிக்குது!"

ஃபேக்டரிக்காரரும் கையை வைத்துப் பார்த்தார். "ஆமா. உசிரு வந்திருச்சு."

மனைவிக்குப் பொய் வராது. "இல்லீங்க, நேரா சொல்லிடறேன். டக்குங்கறது அந்தப் பழைய ரிலே. அது ஒரு வேலையும் பண்றதில்ல, சும்மா சத்தம் மட்டுந்தான் போடுது. கதவ தொறக்கறது மூடறது எல்லாம் பக்கத்துல இருக்கற துளிதானுங்க."

அவர் தொப்பியைச் சற்றுத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். முதல் முறையாக அவர் தலையைப் பார்த்தேன்.

"தெரியும் மேடம். எங்க ஃபேக்டரியில அந்த மாதிரி ரெண்டு மூணு பேரு இருக்காங்க. சத்தம் போடறது மட்டும்தான் வேலை. அவங்க லீவு போட்டா அன்னைக்கு ஒண்ணும் ஓடாது." பிறகு படியிறங்கிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற சாதாரணத்தோடு சொன்னார்: "எல்லா டிரஃப்புக்கும் போட்டுருங்க. ஆனா டக்கு இல்லாம ஒண்ணுகூட வேண்டாம்."

கட்டபெட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றபடி மனைவி கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். வரவில்லை என்று சொன்னாள். சந்தோஷம் என்றார்களாம், அந்தத் துளி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்களாம். "நல்லா சத்தம் போடுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியாமல் நான் மலையைப் பார்க்கிறவன்போல உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க" என்றாள். "அந்தப் பழைய ரிலே எப்படியும் ஒரு நாள் கெட்டுப் போயிருமில்ல?"

"போகும்."

"டக்கு நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவாங்க?"

"அடிப்பாங்க."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அடிக்கட்டும்" என்றாள்.